ஆறு பாடமும் திருப்பி அனுப்பிய சோறும்

பரந்தன் சந்தியில் இறங்கியபோது என்னோடு இருந்தவை இரண்டரை வயது மகள் அபி, அவளுடைய மருந்துப் பை, நூற்று நாற்பது பக்கப் பாடக் குறிப்பேடு. இவற்றில் மருந்துப் பை தொலைந்தால் அதிகம் அழுவேனா, குறிப்பேடு தொலைந்தால் அதிகம் அழுவேனா என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தேன். மகளை அந்தக் கணக்கில் சேர்க்கவே இல்லை என்பது இறங்கிய பிறகுதான் உறைத்தது. உடனே அவளைத் தூக்கி முத்தமிட்டேன். அவள் என் கண்ணாடியைப் பிடுங்கி எறிந்தாள்.

எங்கள் பாளையங்கோட்டைச் சபையின் பெண்கள் கூட்டத்தார், இலங்கையில் கண்டாவளைப் பக்கத்தில் உள்ள ஒரு சின்னச் சபைக்கு வருடத்துக்கு ஒருமுறை ஆள் அனுப்புவார்கள். அங்கே புதிதாக விசுவாசத்துக்குள் வந்தவர்களுக்கு அடிப்படை உபதேசம் சொல்லிக்கொடுக்க வேண்டும். மனந்திரும்புதல், விசுவாசம், ஞானஸ்நானம், கைகளை வைத்தல், உயிர்த்தெழுதல், நியாயத்தீர்ப்பு. ஆறு உபதேசம், ஆறு நாள். வழக்கமாகப் போகிற எஸ்தர் அத்தைக்கு மூட்டு அறுவை சிகிச்சை. அடுத்த இடத்தில் இருந்தவருக்கு வீட்டில் கல்யாணம். மூன்றாவதாக என்னைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் என் ஞானம் அல்ல. பாஸ்போர்ட் தயாராக இருந்தது என்னிடம்தான்.

"ஆறே நாள்ல மனந்திரும்புதல்ல ஏறி நியாயத்தீர்ப்புல இறங்கிடுவியா? நல்ல எக்ஸ்பிரஸ் வண்டி" என்றார் என் கணவர். பள்ளிக்கூடத்தில் வேதியியல் நடத்துகிறவள் நான். பாடத்திட்டத்தை முடிக்காமல் விட்டதே இல்லை என்று அவருக்குப் பதில் சொன்னேன்.

சபைப் போதகர் தன் ஓட்டோவிலேயே கூட்டிப்போக வந்திருந்தார். அறுவடைக் காலம். தார்ச் சாலையின் ஒரு பாதி முழுவதும் நெல். எங்கள் ஊரிலும் சாலையில்தான் நெல் காய்கிறது. ஆனால் அங்கே பேருந்துகள் அதன்மேல் உருட்டிக்கொண்டு போகும். இங்கே லாரிக்காரர்கூட, தூங்குகிற குழந்தையைத் தாண்டுவது போல வேகத்தைக் குறைத்து ஒதுங்கிப் போகிறார். அப்படி ஒதுங்கிய ஒரு லாரிக்கு வழி விடப் போய், எங்கள் ஓட்டோவின் பின்சக்கரம் வாய்க்காலில் இறங்கிவிட்டது. நான் அபியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கண்ணை மூடினேன்.

"பாஸ்டர், பரலோகத்துக்கு வழி காட்டுறீங்கள், ரோட்டைக் காணேல்லையே?"

குரல் வந்த பக்கம் பார்த்தேன். நெல்லைத் துழாவிக்கொண்டிருந்த அறுபது வயது தாண்டிய ஒரு பெண், கையில் பலகையோடு நின்றார். நெற்றியில் திருநீறு.

"பூமணியக்கா, உங்கட நெல்லில ஏறக் கூடாதெண்டுதான் வாய்க்காலுக்குப் போனனான்" என்றார் போதகர்.

"அப்ப புண்ணியம் உங்களுக்குத்தான்" என்று சொல்லிவிட்டு, பலகையைக் கீழே போட்டு வந்து தானே ஓட்டோவைத் தள்ளினார். சக்கரம் மேலே ஏறியதும் என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"இந்தப் பிள்ளை ஆர்?"

"இந்தியாவில இருந்து படிப்பிக்க வந்த ரீச்சர்."

"படிப்பிக்கவோ? பாத்தா படிக்க வந்த பிள்ளை மாதிரியெல்லோ கிடக்கு."

அன்று முழுவதும் அந்த வாக்கியத்தை உள்ளே திருப்பித் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தேன். போதகரின் மனைவி சுகந்தி அக்கா இடியப்பமும் சொதியும் வைத்தார். நான் சொதியை முகர்ந்து பார்த்து, அபிக்குக் காரம் ஒத்துக்கொள்ளுமா, தண்ணீர் எத்தனை நிமிடம் கொதித்தது, தேங்காய்ப்பால் இன்று பிழிந்ததா என்று கேட்டேன். எல்லாவற்றுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னவர் கடைசியில், "தேங்காய் எந்த மரத்திலை புடுங்கினது எண்டும் சொல்லட்டே ரீச்சர்?" என்றார். அதற்குள் அபி மூன்று இடியப்பம் சாப்பிட்டு முடித்திருந்தாள்.

திங்கட்கிழமை வகுப்பு தொடங்கியது. தகரக் கூரை போட்ட கூடம், நீல பிளாஸ்டிக் கதிரைகள். பெண்கள் பன்னிரண்டு பேரும் லாண்ட்மாஸ்ரர் எனப்படும் கை உழவு இயந்திரத்தின் பெட்டியில் ஒன்றாக வந்து இறங்கினார்கள். இரண்டு ஆண்கள் மட்டும் உள்ளே வராமல் வேப்பமரத்தின் கீழே, கேட்கிறதும் கேட்காததுமாக உட்கார்ந்துகொண்டார்கள்.

அஸ்திவாரம் ஏன் முக்கியம் என்று தொடங்கினேன். சென்னையில் அஸ்திவாரம் சரியில்லாமல் விரிசல் விட்ட ஓர் அடுக்குமாடியைப் பற்றி உருக்கமாகச் சொன்னேன். முன்வரிசையில் தேவகி என்கிற ஒரு பெண் கையை உயர்த்தினார்.

"ரீச்சர், எங்கட வளவில அத்திவாரம் வலு திறமாப் போட்ட வீடு ஒண்டு இருக்கு. ஏழு வருசமா மேல எழும்பேல்லை. அதுக்குள்ளதான் ஆடு கட்டுறம்."

எல்லாரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் வேதத்தில் இந்த ஆறு உபதேசங்களும் வருகிற இடத்தில் சொல்லப்படுவதும் ஏறக்குறைய இதுதான்: அஸ்திவாரத்தையே திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டிராமல் மேலே எழும்புங்கள். அதை ஆட்டை வைத்து விளக்கலாம் என்று எனக்குத் தோன்றியதில்லை. குறிப்பேட்டின் ஓரத்தில் "ஆடு" என்று எழுதிக்கொண்டேன்.

மனந்திரும்புதலுக்காகக் கரும்பலகையில் ஒரு படம் வரைந்தேன். ஒரு மனிதன் ஒரு பக்கமாகப் போகிறான், வளைந்த அம்புக்குறி, பிறகு எதிர்ப்பக்கமாகப் போகிறான். எல்லாரும் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துப் பார்த்தார்கள். படத்தின் கீழே, விட்டுவிட வேண்டியவை என்று ஒரு பட்டியல் எழுதினேன். அதில் விக்கிரகங்களுக்குப் படைத்ததை உண்பதும் ஒன்று.

அப்போதுதான் மலர் அக்கா எழுந்தார். ஐம்பது வயதிருக்கும், மெலிந்த உடம்பு, எழுத்துக்கூட்டி வாசிப்பவர், வகுப்பிலேயே கவனமாகக் கேட்கிறவர். விசுவாசத்துக்குள் வந்து இரண்டு வருடம்.

"ரீச்சர், புதிர்ச்சோறும் அப்பிடியோ?"

எங்கள் பக்கத்தில் புதிர் என்றால் விடுகதை. இங்கே அது புதுநெல்லின் முதல் சோறு என்று சொன்னார்கள். தை மாதத்தில் நல்ல நாள் பார்த்துப் புதிதாக அறுத்த நெல்லைக் குற்றிப் பொங்குவார்கள், சூரியனுக்குப் படைப்பார்கள், அக்கம்பக்கத்துக்குக் கொடுத்துவிட்டுத்தான் வீட்டார் சாப்பிடுவார்கள். புதன்கிழமை நாள் பார்த்திருக்கிறார்கள், பக்கத்து வீட்டிலிருந்து கட்டாயம் சோறு வரும், வாங்கலாமா என்பதுதான் கேள்வி.

என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும், நான் எதற்கும் உடனே பதில் சொல்கிறவள் அல்ல. காய்கறி வாங்கினாலும் வீட்டுக்கு வந்து, பக்கத்துக் கடையில் வாங்கியிருக்கலாமோ என்று யோசிப்பேன். ஆனால் அன்று கேள்விக்கான விடை என் குறிப்பேட்டில், என் கையெழுத்தில், சிவப்பு மையில் இருந்தது.

"படைச்சதுன்னா வேண்டாம்கா. அன்பா வேண்டாம்னு சொல்லிடுங்க" என்றேன்.

அப்படித் தெளிவாகச் சொன்னதில் எனக்கே ஒரு பெருமை. எஸ்தர் அத்தை இருந்தால் தலையசைத்திருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை விசுவாசம். காலையில் குரக்கன் எனப்படும் கேழ்வரகில் புட்டு. அபி அதற்குச் சீனி கேட்டு அழுது, கிடைத்ததும் அதை என் புடவையில் தடவினாள். காணாததை நம்புவது எப்படி என்று விளக்க மின்சாரம், காற்று, ஆக்ஸிஜன் என்று வேதியியல் முழுவதையும் கொட்டினேன். பின்வரிசையில் ஒரு பெண் பக்கத்திலிருந்தவரிடம் மெல்லச் சொன்னது எனக்கும் கேட்டது: "இதென்னடி புதுக் கதை? மழை வர முன்னம் புழுதியில விதைக்கிறமெல்லோ, அது என்னவாம்?" நான் மின்சாரத்தை அணைத்துவிட்டு அவரையே பேசச் சொன்னேன். அரை மணி நேரம் பேசினார். எந்த வருடம் மழை ஏமாற்றியது, அடுத்த வருடம் எந்தத் தைரியத்தில் மறுபடி விதைத்தார்கள் என்றெல்லாம். எனக்கு வாய்த்த நல்ல பாடங்களில் அது ஒன்று. நான் நடத்தவில்லை என்பதுதான் ஒரே குறை.

வகுப்பு முடிந்ததும் அபிக்குப் பால்மா வாங்கப் பேருந்தில் கிளிநொச்சிக்குப் போனேன். நடத்துநர் என்னைப் பார்த்துச் சிங்களத்தில் ஏதோ உரக்கச் சொன்னார். பயணச் சீட்டில் பிழை, விசாவில் பிழை, கைது என்று என் மனம் ஒரே மூச்சில் மூன்று நிறுத்தம் ஓடிவிட்டது. பக்கத்திலிருந்த அம்மா மொழிபெயர்த்தார்: பிள்ளை ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டுகிறது, உள்ளே இழுத்துக்கொள் என்கிறாராம், அவருக்கும் இதே வயதில் ஒன்று இருக்கிறதாம்.

புதன்கிழமை ஞானஸ்நானம். முழுக்கு ஞானஸ்நானம் இங்கே குளத்தில்தான். போதகரும் வந்து உட்கார்ந்திருந்ததால் தேவகிக்குக் கொண்டாட்டம்.

"எங்கட பாஸ்டர் ஞானஸ்நானம் குடுக்க முதல் குளத்தை வடிவாச் சுத்திப் பாப்பார் ரீச்சர். ஆவி இறங்குதோ எண்டு இல்லை, முதலை ஏறுதோ எண்டு."

"பாத்தபடியாத்தான் நீ இருந்து கதைக்கிறாய்" என்றார் போதகர்.

மலர் அக்கா அன்று சிரிக்கவில்லை. எனக்குப் புரியவில்லை, காய்ச்சலாக இருக்கும், அது அபிக்குத் தொற்றுமோ என்று மட்டும் கவலைப்பட்டேன்.

வியாழக்கிழமை, வகுப்பு தொடங்கும் முன் சாட்சி சொல்கிற நேரம். மலர் அக்கா எழுந்து நின்றார். அவருடைய வெற்றுக் குடம் வாசலில் இருந்தது.

"நேத்து பூமணியக்கா புதிர்ச்சோறு கொண்டு வந்தவா. ரீச்சர் சொன்னபடி வேண்டாம் எண்டு சொல்லிப்போட்டன். கர்த்தருக்காகத்தான் விட்டனான். அவா ஒண்டும் கதைக்கேல்லை. இண்டைக்கு விடிய எழும்பிப் பாத்தா வேலியில பொட்டு அடைச்சுக் கிடக்கு."

இரண்டு வளவுகளுக்கும் நடுவில், வேலியில் ஆள் நுழைந்து போகும் அளவுக்கு ஓர் இடைவெளி இருந்திருக்கிறது. அதைத்தான் பூமணி அம்மா பனையோலை வைத்துக் கட்டிவிட்டார். கிணறு அவர் பக்கத்தில் இருக்கிறது. மலர் அக்கா இனி குடத்தோடு சாலையோரக் குழாய்க்கு நடக்க வேண்டும்.

"ஸ்தோத்திரம்" என்றார்கள் எல்லாரும். சத்தம் வழக்கத்தைவிடக் குறைவாக இருந்தது. நானும் சொன்னேன். அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

அன்று கைகளை வைத்தலைப் பற்றி என்ன நடத்தினேன் என்று நினைவில்லை. மதியம் குசினியில் சுகந்தி அக்கா தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். ஒரு கேலியும் வரவில்லை. அதுவே எனக்குப் பயமாக இருந்தது.

"அக்கா, நான் ஏதாவது தப்பாச் சொல்லிட்டேனா?"

"பிழையெண்டு ஆர் சொன்னது?" துருவுவதை நிறுத்தாமல் சொன்னார். "உங்களுக்குச் சில விசயம் தெரியாது ரீச்சர். மலர் அக்காட தாய் தகப்பன் மலைநாட்டுச் சனம். தேயிலைத் தோட்டத்தில கலவரத்துக்குப் பயந்து உடுத்த துணியோட வந்தவை. இஞ்ச அந்த நேரம் ஒரு வீட்டிலயும் அவையளுக்கு ஒழுங்கா ஏனத்தில தண்ணி குடுக்க மாட்டினம். அவையின்ர வீட்டில ஒருத்தரும் வாய் நனைக்க மாட்டினம். பூமணியக்கா யாழ்ப்பாணத்தில இருந்து வயல் காணி கிடைச்சு வந்த குடும்பத்துக்கு மருமகளா வந்தவா. வந்த புதுசு. மலர் அக்கான்ர தாய் முதல் விளைச்சலில புதிர் பொங்கி, ஆருக்குக் குடுக்கிறதெண்டு தெரியாமப் பானையை வைச்சுக்கொண்டு இருந்திருக்கிறா. பூமணியக்கா வேலியைப் பிரிச்சுக்கொண்டு போய், நிலத்தில இருந்து சாப்பிட்டவா."

"அந்த இடைவெளியா?"

"அதுதான் அந்தப் பொட்டு. மாமியார் ஒரு கிழமை அவவைக் குசினிக்குள்ள விடேல்லையாம். அதுக்குப் பிறகு ரெண்டு வீட்டுக்கும் புதிர் நிண்டதே இல்லை. இடம்பெயர்ந்து முகாமில இருக்கேக்கயும் ஒரு சுண்டு அரிசியைப் பகிர்ந்து காய்ச்சினவை."

உட்கார்ந்தேன். தேங்காய்ச் சிரட்டையின்மேல்.

"திங்கட்கிழமையே ஏன்கா எங்கிட்டச் சொல்லல?"

சுகந்தி அக்கா முதன்முறையாக நிமிர்ந்து பார்த்தார். "எங்கட மனுசன் இந்தக் கேள்விக்கு எத்தினையோ வருசமா மழுப்பிக்கொண்டுதான் போறவர். நீங்கள் அவ்வளவு நிச்சயமாச் சொல்லேக்க, கேக்க நல்லா இருந்தது." பிறகு குரலைத் தாழ்த்தினார். "இன்னொண்டு சொன்னா ஏசக் கூடாது. நேத்து பூமணியக்கா சோத்தோட திரும்பிப் போகேக்க நானும் அபியும் மலர் அக்காட வளவில நிண்டனாங்கள். உங்கட மகள் வாயைத் திறந்தா. பூமணியக்கா நாலு வாய் தீத்தினவா."

"யாரு பிள்ளைன்னு தெரிஞ்சுமா?"

"தெரிஞ்சுதான். தீத்திப்போட்டு, வாயையும் துடைச்சு விட்டவா."

மாலையில் கணவரைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் கொட்டினேன். புதுப் பச்சரிசி, கொதிக்க வைக்காத தண்ணீராக இருக்கலாம், படைத்ததாகவும் இருக்கலாம், குழந்தை சாப்பிட்டுவிட்டாள்.

"நீ எதுக்குப் பயப்படுற? வயித்துக்கா, ஆத்துமாவுக்கா?"

"ரெண்டுக்கும்."

"அவ வயிறு எப்படி இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கு."

"அப்போ ஆத்துமாவைப் பாரு. அவளோடது இல்ல, உன்னோடது."

குறிப்பேட்டைத் திறந்தேன். சிவப்பு மைப் பட்டியலுக்கு அடுத்த பக்கத்திலேயே என் கையெழுத்தில் இருந்தது: அயலார் அழைத்தால் வைத்ததை விசாரணை செய்யாமல் உண்ணலாம் என்று பவுல் எழுதியதன் சுருக்கம். அதற்கு அடுத்து, படைத்தது என்று ஒருவர் சொன்னால் அவருடைய மனச்சாட்சிக்காக விலகு என்று அவரே எழுதியதும். இரண்டுக்கும் மேலே நான் கொடுத்திருந்த தலைப்பு: "நேரமிருந்தால் சொல்லவும்." நேரம் இருக்கவில்லை. அம்புக்குறி வரைந்துகொண்டிருந்தேன்.

உண்மையில் கேள்வி எளிதானதல்ல. மலர் அக்காவும் பூமணி அம்மாவும் எப்படி வாழ்ந்தார்கள் என்று கேட்ட பிறகுதான் அதற்குப் பதில் தேட வேண்டும். எளிதென்று சொன்னதுதான் என் பிழை. எஸ்தர் அத்தை "யாரு கொண்டு வருவாங்க?" என்று முதலில் கேட்டிருப்பார்.

வெள்ளிக்கிழமை காலையில், சொல்ல வேண்டியதை மூன்று முறை எழுதிப் பார்த்துவிட்டுக் காகிதத்தைக் கொண்டுபோக மறந்தேன்.

"திங்கட்கிழமை புதிர்ச்சோறு பத்தி நான் சொன்னது அவசரத்துல சொன்ன பதில்" என்றேன். "யார் கொடுக்குறாங்க, எப்படிக் கொடுக்குறாங்கன்னு ஒரு வார்த்தை கேக்கல. வேதத்துல இருந்ததுல பாதியைத்தான் சொன்னேன். மலர் அக்கா கீழ்ப்படிஞ்சாங்க. தப்பு என்னோடது. மன்னிச்சுக்கோங்க."

வேப்பமரத்தின் கீழிருந்த ஆண்கள் இருவரும் முதன்முறையாக எழுந்து வாசலுக்கு வந்து நின்றார்கள்.

தேவகிதான் பேசினார். "அப்ப ரீச்சர், மனந்திரும்புதல் எண்டது இதுதானோ? நீங்கள் கீறின படம் ஒருத்தருக்கும் விளங்கேல்லை. இது விளங்குது."

கூடம் சிரித்தது. மலர் அக்கா மட்டும் எழுந்து நின்றார்.

"நீங்கள் சொன்னீங்கள் எண்டு மட்டும் நான் விடேல்லை ரீச்சர். அது சரியெண்டு நினைச்சுத்தான் விட்டனான். என்ர வாயாலதான் அந்த மனுசிக்கு வேண்டாம் எண்டனான். இப்ப நான் எந்த முகத்தோட போறது?"

"நான் கூட வர்றேன்கா. இன்னைக்கே போலாம்."

"இண்டைக்கு வெள்ளி. அவா கோயிலில நிப்பா. நாளைக்குப் பின்னேரம்தான்" என்றார். வருகிறேன் என்றோ மாட்டேன் என்றோ சொல்லவில்லை.

அன்றைய பாடம் உயிர்த்தெழுதல். போரில் யாரையாவது பறிகொடுத்தவர்கள் நிறைந்த அந்தக் கூடத்தில் அதைப் பற்றி என்னைவிட அதிகமாக யோசித்திராதவர் ஒருவர்கூட இல்லை. அதனால் குறைவாகப் பேசி, அவர்களைப் பாடச் சொன்னேன்.

சனிக்கிழமை காலை நியாயத்தீர்ப்பு. என் வாழ்க்கையில் நான் நடத்திய மிகச் சுருக்கமான பாடம் அதுவாகத்தான் இருக்கும். அன்று பின்னேரம் நானே ஒரு நியாயத்தீர்ப்புக்கு முன்னால் நிற்க வேண்டியிருந்ததால் அதிகம் விவரிக்கத் துணியவில்லை. மூன்று மணிக்கு மலர் அக்கா வாசல் படலையில் வந்து நின்றார். அபியைத் தூக்கிக்கொண்டேன். மலர் அக்கா வீட்டு வேலி வழியாகப் போனால் பத்து அடி. சாலையைச் சுற்றி, மூன்று வீடுகளைத் தாண்டிப் போனோம். மூன்று வீட்டிலும் ஆட்கள் வாசலுக்கு வந்து பார்த்தார்கள். ஒருவரும் "எங்க போறீங்கள்?" என்று கேட்கவில்லை. எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

பூமணி அம்மா முற்றத்தில் கதிரையில் உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். எழுந்திருக்கவில்லை.

"வாங்கோ" என்றார், அபியிடம் மட்டும். பிறகு என்னைப் பார்த்தார். "என்ன ரீச்சர், ஏழாம் பாடமோ?"

"இல்லம்மா. முதல் பாடத்துலயே தப்பு பண்ணிட்டேன். அதைச் சொல்லத்தான் வந்தேன். சோத்தைத் திருப்பி அனுப்பச் சொன்னது நான். மலர் அக்கா இல்ல. படைச்சதா இல்லையான்னு உங்ககிட்ட ஒரு வார்த்தை விசாரிக்கக்கூட நான் சொல்லல."

"விசாரிச்சிருந்தா சொல்லியிருப்பன்." சுளகைக் கீழே வைத்தார். இப்போது அவர் பேசியது மலர் அக்காவிடம். "உனக்குமா தெரியாது? நீ வேதத்துக்கு மாறின வருசத்தில இருந்து, பானை பொங்கி இறக்கின உடன, உன்ர வீட்டுப் பங்கைத்தான் முதல் கோப்பையில எடுத்து வைக்கிறனான். படைக்க முன்னம். உனக்கு மனசுக்குக் கஷ்டமா இருக்கக் கூடாதெண்டு. சூரியனுக்கு அதுக்குப் பிறகுதான்."

மலர் அக்கா வாயில் கையை வைத்துக்கொண்டார்.

"நீங்கள் எனக்குச் சொல்லேல்லையே அக்கா."

"குடுக்கிற சோத்துக்கு விளக்கம் சொல்லுவினமே?"

நூற்று நாற்பது பக்கங்களை எழுதியவள் நான். விலக வேண்டியது எது, விலக்க வேண்டியது எது என்று அதில் சிவப்பும் நீலமுமாகக் கோடு போட்டிருக்கிறேன். அதே கேள்வியை நெற்றியில் திருநீறு பூசிய ஒருவர் தன் குசினியில் இரண்டு வருடமாக, ஒரு தனிக் கோப்பையை வைத்துக்கொண்டு, யாரும் கேட்காமலே யோசித்திருக்கிறார். மன்னிப்பை ஏற்கெனவே கேட்டாகிவிட்டது. இன்னொரு முறை கேட்கலாமா என்று யோசித்துக்கொண்டே நின்றேன்.

"அந்தப் புதிரில கொஞ்சமும் இல்லையோ அக்கா?" என்று கேட்டார் மலர் அக்கா.

"புதன்கிழமைச் சோறு சனிக்கிழமை மட்டும் இருக்குமே? மாட்டுக்கு வைச்சன். இனி வாற தையிலதான்."

அதில் கோபம் இல்லை. போனது போனதுதான் என்கிற தொனி மட்டும் இருந்தது. மலர் அக்கா தலையைக் குனிந்துகொண்டார். போகலாம் என்று என் கையைத் தொட்டார். பூமணி அம்மா எழுந்து உள்ளே போய்விட்டார். கதை முடிந்தது என்றுதான் நினைத்தேன். நானும் திரும்பினேன்.

"எங்க போறியள்? நில்லுங்கோ."

ஒரு மண்சட்டியோடு வெளியே வந்தார். மதியம் மிஞ்சிய சோற்றைக் கறிகளோடு சேர்த்துக் குழைத்திருந்தார். இங்கே இப்படிக் குழைத்து உருண்டையாகப் பிடித்து, சுற்றியிருப்பவர்களின் உள்ளங்கையில் வைப்பார்கள், தட்டு கிடையாது. முதல் உருண்டை அபிக்கு. ஏற்கெனவே பழக்கமானவள் போல அவள் கையை நீட்டி வாங்கினாள். அதில் எவ்வளவு காரம் என்று கேட்க வாயெடுத்து, மூடிக்கொண்டேன். அடுத்தது எனக்கு.

மூன்றாவதைப் பிடித்துக்கொண்டு மலர் அக்காவின் முன்னால் நின்றார். மலர் அக்காவின் கை பாதி நீண்டு நின்றது.

"என்னடி யோசிக்கிறாய்? இது ஒருத்தருக்கும் படைக்கேல்லை. மத்தியானத்து மீன் குழம்பு. எந்தச் சாமியும் கிட்ட வராது."

மலர் அக்கா அழுகையும் சிரிப்புமாக ஏதோ சத்தம் எழுப்பினார். கையை நீட்டினார். வாங்கி, ஒரே வாயில் போட்டுக்கொண்டார். மீன் முள் இருக்குமே என்று எனக்குப் பதறியது. அவர் மென்று விழுங்கிவிட்டு மறுபடியும் கையை நீட்டினார்.

"இன்னொண்டு தாங்கோ அக்கா."

"பொறு. முதல்ல போய் ஒரு குடம் தண்ணி அள்ளு. மூண்டு நாளா நீ குடத்தோட ரோட்டில போறதைப் பாத்து ஊர் என்னையெல்லோ சிரிக்குது."

"குடம் வீட்டிலையெல்லோ கிடக்கு."

"என்ர குடம் கிணத்தடியில கிடக்கு, உனக்குத் தெரியாதே?"

மலர் அக்கா சோறு ஒட்டிய கையைச் சேலையில் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கிணற்றடியை நோக்கி நடந்தார்.